சாரணர் முகாமில் தணலில் சுடும் வாழைப்பழம்: பெற்றோர்களுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு நம் பள்ளித் திடலில் நடைபெறவிருக்கும் குருளைச் சாரணர் முகாமில், பிள்ளைகள் தணலில் தாங்களே ஓர் இனிப்பைச் செய்து உண்ணவிருக்கிறார்கள். அந்த இனிப்பை எல்லாப் பிள்ளைகளும் உண்ணலாமா, தீயருகே பாதுகாப்பு எப்படி என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு விடையளிக்கவே இக்கடிதம்.

வாட்டிய மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சுபோன்ற மிட்டாயைச் சாக்லேட்டுடன் இரண்டு பிஸ்கட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும் 'ஸ்மோர்' என்னும் இனிப்பைச் செய்யத்தான் முதலில் எண்ணியிருந்தோம். 1927ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பெண் சாரணர் கையேட்டில் இடம்பெற்ற செய்முறை அது. ஆனால், மார்ஷ்மெல்லோவில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஹலால் முத்திரை இருந்தால் அதில் பன்றி சார்ந்தது எதுவும் இல்லை என்று நம்பலாம். மாட்டு ஜெலட்டின் இருக்கக்கூடும் என்பதால், மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்களுக்கு அம்முத்திரை மட்டும் போதாது. மீன் ஜெலட்டினில் செய்தது சைவப் பிள்ளைகளுக்கு ஆகாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு செய்த வகையும் உண்டு என்றாலும், நம் பட்டணத்துக் கடைகளில் அது கிடைக்கவில்லை. 'சாப்பிடாத பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது கொடுத்துவிடலாமே' என்றும் ஒரு யோசனை வந்தது. ஒரே தீயைச் சுற்றி அமரும் பிள்ளைகளில் சிலரை மட்டும் தனியே பிரித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே, சாரணர் முகாம்களில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் இன்னோர் இனிப்பான, சாக்லேட் வைத்துச் சுட்ட வாழைப்பழத்தையே எல்லாருக்கும் தரவிருக்கிறோம். அளவாகப் பழுத்து, இன்னும் கெட்டியாக இருக்கும் பெராங்கான் வகை வாழைப்பழத்தைத் தோலுரிக்காமல், அதன் உள்வளைவில் நீளவாக்கில் கீறி, அடித்தோல் அறுபடாதபடி சற்றே விரித்து, சாக்லேட் துண்டுகளையும் நொறுக்கிய மேரி பிஸ்கட்டையும் உள்ளே திணித்து, அலுமினியத் தாளில் இறுகச் சுற்றித் தணலின்மேல் வைக்க வேண்டும். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் தோல் கறுத்து, பழம் கரண்டியால் வழித்தெடுக்கும் அளவுக்குக் குழைந்து, சாக்லேட் உருகி அதனுள் இறங்கியிருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயில் வைத்தால் வெளிப்புறம் கருகுமே தவிர உள்ளே சூடு ஏறாது. எனவே, கட்டைகள் எரிந்து அடங்கிச் சாம்பல் பூத்த பிறகே பிள்ளைகளின் பழங்கள் வைக்கப்படும். தோட்டத்து லயத்து வீடுகளின் அடுப்புச் சாம்பலில் மரவள்ளிக்கிழங்கைப் புதைத்துச் சுட்ட தாத்தா பாட்டிமாருக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

தணலுக்கு அருகில் ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் மட்டுமே இருப்பார்கள். இடுக்கியால் பழத்தை வைப்பதும் எடுப்பதும் அவர்கள் பொறுப்பு. கீறுவதும் திணிப்பதும் சுற்றுவதும் பிள்ளைகளின் வேலை. உருகிய சாக்லேட்டும் தாளுக்குள் அடைபட்ட ஆவியும் நாக்கைச் சுட்டுவிடும் என்பதால், தாளைப் பிரித்துச் சற்று ஆறவிட்ட பின்னரே உண்ண அனுமதிப்போம். அன்றிரவு பிள்ளைகளுக்குப் பருத்தி உடையும் மூடிய காலணியும் அணிவித்து அனுப்புங்கள். காற்பந்து ஜெர்சி வேண்டாம், தீப்பொறி பட்டால் அத்துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். யாருக்கேனும் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவோம். பற்பசை, கிச்சாப் (சோயா சாறு) போன்ற எதையும் தடவ மாட்டோம். வீட்டிலும் தடவ வேண்டாம்.

விறகுக்குக் காய்ந்த ரப்பர் கட்டையே போதும். வண்ணம் பூசிய பலகையையும், பள்ளி வேலியோரம் நிற்கும் அரளியின் கிளைகளையும் எவரும் தீயில் போடக் கூடாது. அரளி நச்சுச் செடி, அதன் புகையும் ஆகாது. புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் தீ மூட்டப்படாது; அப்படியானால் பழங்களைச் சிற்றுண்டிச்சாலை அடுப்பில் சுட்டுத் தருவோம்.

கடலை, பால் முதலியவற்றால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர், இத்துடன் இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் அதைத் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறேன். கடலை கலந்த சாக்லேட்டை வாங்கப்போவதில்லை; பாலில்லாத சாக்லேட் தேவைப்பட்டால் அதற்கும் ஏற்பாடு செய்வோம். படிவத்தை முகாமுக்கு முந்திய திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். காய்ந்த ரப்பர் கட்டை தரக்கூடியவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திடலுக்குக் கொண்டுவந்தால் பேருதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்