மதராஸுக்கு வந்த குளத்து ஐஸ்

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் அத்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

மெரினா கடற்கரையில் இருக்கும் நம் ஐஸ் ஹவுஸுக்கு, அந்தப் பழைய ஐஸ் கிடங்குக்கு, ஐஸ் அமெரிக்காவிலிருந்து வந்ததாமே, நாலு மாசம் கப்பலில் கிடந்தும் எப்படி உருகாமல் இருந்தது என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அந்த ஐஸ் வெட்டிய குளம் இதே ஊரில்தான் இருக்கிறது என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர்க் குளிரைச் சொல்லிவிடுகிறேன். இங்கே விழும் பனி மார்கழிப் பனி மாதிரி வெயில் ஏறியதும் போய்விடாது, வாரக்கணக்கில் தரையிலேயே கிடக்கும். வாசல் நடைபாதையை வீட்டுக்காரரே குறித்த நேரத்துக்குள் வாரிவிட வேண்டும் என்பது நகர விதி. சாலையில் உப்புக் கொட்டுவார்கள். குளிர் மைனஸ் பத்து டிகிரிக்குக் கீழே போனால் உப்பும் சரியாக வேலை செய்யாது. ஊருக்குள்ளேயே ஃபிரெஷ் பாண்ட் என்று ஒரு பெரிய குளம் இருக்கிறது. அதைச் சுற்றி வந்தால் சுமார் மூன்றரை கிலோமீட்டர். இந்த ஊருக்கே குடிநீர் அதில்தான் என்பதால் கரையெல்லாம் வேலி போட்டு, உறைந்த பிறகும் யாரும் இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

மற்றக் குளங்களில் இறங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள் நடக்க நான்கு அங்குலம் தெளிந்த ஐஸ் வேண்டும். பால் மாதிரி வெளுத்திருந்தால் அதற்குப் பாதி பலம்தான், கனம் இருமடங்கு இருக்க வேண்டும். மேலே விழுந்த பனி நனைந்து உறைந்தால் இந்த வெள்ளை ஐஸ் வரும். உள்ளே காற்றுக் குமிழி நிறைய இருக்கும், சீக்கிரம் நொறுங்கும். குளத்து நீரே மேலிருந்து கீழாக மெல்ல உறைந்தால் கண்ணாடி போன்ற கறுப்பு ஐஸ். மதராஸுக்கு அனுப்பத் தகுந்தது அது ஒன்றுதான்.

அதனால் வெட்டுகிற வேலை பனியை வாருவதில் தொடங்கும். பனி ஒரு கம்பளிப் போர்வை. அது கிடக்கும் வரை கீழே ஐஸ் தடிக்காது. குதிரை பூட்டிய பலகையால் அதைத் தள்ளிவிடுவார்கள். பனி அதிகமாகி ஐஸ் அமிழும் நிலை வந்தால் துளை போட்டுக் குளத்து நீரை மேலே ஏறவிட்டு, பனியோடு சேர்த்து உறையவைப்பார்கள். பிறகு அந்த வெள்ளை அடுக்கை மட்டும் இழைத்துத் தள்ள வேண்டும். ஜனவரி நடுவில் ஒரு மழை பெய்தால் போதும், அதுவரை தடித்த ஐஸ் கெட்டுவிடும். ஆட்களையும் குதிரைகளையும் வைத்துக்கொண்டு குளிர் திரும்பி வரக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐஸ் ஓரடிக்கு மேல் தடித்ததும் கோடு போடுவார்கள். இங்கேதான் நதானியேல் வைத் என்பவரின் மூளை வருகிறது. இதே ஃபிரெஷ் பாண்ட் கரைக்காரர். 1820களில் குதிரை இழுக்கும் ஐஸ் ஏர் ஒன்றைச் செய்து, 1829இல் காப்புரிமை வாங்கினார். ரம்பப் பல் வைத்த ஏர் அது. பக்கத்தில் ஒரு வழிகாட்டிக் கம்பி. முதல் கோட்டை நூல் பிடித்து இழுத்துவிட்டால், அந்தக் கம்பி பழைய கோட்டில் ஓட, பல் அடுத்த கோட்டைச் சரியாக அதே இடைவெளியில் அறுக்கும். நெடுக்கே முடித்துக் குறுக்கேயும் ஓட்டினால் குளமே சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிடும். சதுரம் சுமார் 22 அங்குலம். ஓரடி கனத்தில் ஒரு கட்டி 87 கிலோ வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கோட்டை அடிவரை அறுக்க மாட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தோடு நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் மீதி ஒரு பங்குதான் குதிரையையும் ஆளையும் தாங்குகிறது. பிறகு பல கட்டிகள் சேர்ந்த பெரிய பாளமாக ரம்பத்தால் அறுத்து, வெட்டி வைத்த நீர்வழியில் மிதக்கவிட்டு, நீளக் கழியால் கரைக்குத் தள்ளுவார்கள். தள்ளும்போது கோடுகளுக்குள் தண்ணீர் ஏறினால் அது அங்கேயே உறைந்து, கட்டிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கக் கோட்டின் முனைகளை ஐஸ் தூளால் அடைப்பார்கள். கரை வந்ததும் கடப்பாரையை ஒரு குத்து குத்தினால் கோட்டிலேயே நேராகப் பிளக்கும். வைத்தின் ஏர் வேலையை வேகமாக்கியது என்று மட்டும் பலர் சொல்கிறார்கள். எல்லாக் கட்டியும் ஒரே அளவாக வந்ததுதான் பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. அளவு ஒன்றானால் சந்தில்லாமல் அடுக்கலாம். சந்து இருந்தால் அதில் காற்று ஓடும், காற்றோடு சூடும் வரும்.

குதிரைகளுக்கு வழுக்காமல் இருக்க முள் வைத்த லாடம். கழுத்தில் எப்போதும் ஒரு கயிறு. ஐஸ் உடைந்து விழுந்துவிட்டால் அதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள்.

இந்த வியாபாரத்தைத் தொடங்கியவர் பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடர். 1806இல் சுமார் 130 டன் ஐஸை கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் இறக்கி வைக்க அங்கே கிடங்கு இல்லை, விற்று முடிப்பதற்குள் உருகிவிட்டது, பணம் நஷ்டம். கடனுக்காகச் சிறைக்கும் போனார். அதற்குப் பிறகு துறைமுகத்தில் முதலில் கிடங்கு, பிறகுதான் கப்பல் என்பது அவர் வழக்கமாயிற்று. கியூபாவின் ஹவானாவில் இரட்டைச் சுவர் கிடங்கு கட்டி, வடிகிற நீரை மணிக்கணக்கில் அளந்து, எந்த அமைப்பில் குறைவாக உருகுகிறது என்று பார்த்தார். நம் ஐஸ் ஹவுஸ் இந்தப் பாடத்தில் பிறந்த கட்டடம்.

பொதிய என்ன வைப்பது என்பதிலும் பலதைச் சோதித்தார்கள்: வைக்கோல், தோல் பதனிட்ட மரப்பட்டைச் சக்கை, மரத்தூள். கடைசியில் நின்றது மரத்தூள். மெய்ன் மாநில மர ஆலைகளில் அது கொட்ட இடமில்லாத கழிவு. நம் தெருவில் ஐஸ் கட்டியை மரத்தூள் தூவிக் கோணிச் சாக்கில் சுற்றித் தருவார்கள் என்று சொல்வீர்களே, அதே வித்தைதான். தூளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. தூள் நனைந்துவிட்டால் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஆகவே உருகிய நீர் ஐஸின் காலடியில் நிற்கவே கூடாது. கிடங்கில் வடிகால், கப்பலில் பம்பு. உருகும் ஐஸால் கப்பல் மூழ்கிவிடும் என்று ஆரம்பத்தில் மாலுமிகள் பயந்தார்கள். பம்பு சரியாக ஓடும் வரை பயமில்லை.

கப்பல் கூலியும் ஒரு காரணம். கல்கத்தாவிலிருந்து பாஸ்டனுக்கு அவுரி, தோல், வெடியுப்பு என்று நிறையச் சரக்கு வரும். திரும்பிப் போக இங்கே சரக்கு குறைவு. காலிக் கப்பல் கடலில் ஆடும் என்று அடியில் கல் ஏற்றுவார்கள். அந்தக் கல்லுக்குப் பதில் ஐஸ் என்றால் குறைந்த கூலிக்கே இடம் கிடைத்தது.

1833 மே 12இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது. அரசாங்கம் சுங்க வரியைத் தள்ளி, இரவிலேயே இறக்கவும் அனுமதித்தது. அதுவரை வங்காளத்தில் கிடைத்தது ஹூக்ளி ஐஸ்: குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பிய பள்ளத்தில் ஆழமில்லாத மண் தட்டுகளை வைத்து எடுத்த அழுக்கு ஐஸ். மதராஸின் இரவுக்கு அதுவும் சாத்தியமில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு கிலோ ஐஸை உருக்கத் தேவையான வெப்பத்தில், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கலாம். ஐஸ் அவ்வளவு சூட்டை விழுங்கும். ஏசி கடையில் ஒரு டன், ஒன்றரை டன் என்கிறார்களே, அந்த டன் இந்த ஐஸ் கணக்கிலிருந்து வந்தது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எடுக்கும் வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. டஸ்கனியில் நாலு மாதத்தில் 80 டன் உருகியது. நாளுக்குச் சராசரி முக்கால் டன்னுக்குள். வெப்பக் கடலில் மிதக்கும் ஒரு மரக் கப்பலின் வயிற்றுக்குள், ஒரு சின்ன அறை ஏசி சமாளிக்கிற அளவு சூடுதான் நுழைந்திருக்கிறது. அவ்வளவு நன்றாகப் பொதிந்திருந்தார்கள்.

அளவும் உதவியது. ஒரு மீட்டர் கனசதுர ஐஸ்கள் ஆயிரத்தைத் தனித்தனியே வைத்தால் வெளிப்பரப்பு 6,000 சதுர மீட்டர். அவற்றையே ஒரே குவியலாக அடுக்கினால் 600தான். சூடு நுழையும் வழி பத்தில் ஒன்றாகிவிடும். இங்கிருந்து ரயிலில் போகிற தூரத்தில் வால்டன் குளம் இருக்கிறது. 1846–47 குளிர்காலத்தில் அங்கேயும் ஐஸ் வெட்டி, கரையில் பெரிய குவியலாக அடுக்கி, வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அடுத்த ஜூலையில் மூடியைப் பிரித்துக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை வெயிலில் விட்டார்கள். அது முழுக்க உருகி முடிந்தது 1848 செப்டம்பரில். ஐஸ் வெட்டிய அந்தக் குளிர்காலத்தில் குளக்கரையில் குடியிருந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குளத்தைத் தன் கிணறு என்கிறார். அதில் குடிக்கிறவர்கள் என்று அவர் சொல்லும் ஊர்களில் மதராஸும் ஒன்று.

மதராஸ் ஐஸ் ஹவுஸ் கட்டியது 1842இல். அப்போது நமக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில்தான் எதுவும் அலை தாண்டிக் கரைக்கு வரும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கப்பலின் இருட்டிலிருந்து வெளியே வந்த ஐஸுக்கு ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். கிடங்கு கடலைப் பார்த்து நிற்பதன் காரணம் இதுதான். அடுத்த முறை அந்தப் பக்கம் நடக்கும்போது வட்டச் சுவரை மட்டும் மனத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னல்களும் தாழ்வாரமும் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கிய பிறகு வந்தவை. அந்த வீட்டில்தான் 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கினார்.

வியாபாரம் உச்சத்தில் இருந்த 1856இல் பாஸ்டனிலிருந்து 363 கப்பல் சரக்கு, 1,46,000 டன் ஐஸ் போனது. 1874இல் மதராஸிலும் 1878இல் கல்கத்தாவிலும் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனிகள் வந்தன. கொஞ்ச வருடங்களில் குளத்து ஐஸ் நம் பக்கம் வருவது நின்றது. ஃபிரெஷ் பாண்ட் கரையில் இருந்த பெரிய பெரிய ஐஸ் கிடங்குகளில் இன்று ஒன்றுகூட இல்லை. வேலிக்கு வெளியே ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்தக் குளத்துத் தண்ணீர்தான் அப்பா. அம்மாவிடமும் சொல்லுங்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? மற்றவை உங்கள் கடிதம் கண்டு.

உங்கள் அன்பு மகள்