லேப்டாப்பின் ராம் கழற்றக்கூடியதா என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் பருவத்தில் பத்திரிகைகளில் வரும் லேப்டாப் வழிகாட்டிகளைத் தவறாமல் படிக்கிறேன். எடை, விலை, பிராசசரின் பெயர் எல்லாம் இருக்கும். நான் லேப்டாப் பழுதுபார்ப்பவன். ஒரு மாணவரின் கருவியைத் திறந்ததும் நான் முதலில் பார்க்கும் விஷயம் மட்டும் அவற்றில் இருப்பதில்லை. ராம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், கழற்றி மாட்டக்கூடிய ஸ்லாட்டில் இருக்கிறதா, மதர்போர்டு எனும் முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்திருக்கிறதா என்பதுதான் அது.

13, 14 அங்குல மெல்லிய லேப்டாப்களில் பலவற்றில் இப்போது ராம் பற்றவைத்தே வருகிறது. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். எல்பிடிடிஆர் வகை ராம் குறைந்த மின்சாரத்தில் ஓடும். ஸ்லாட் இல்லாததால் உடலும் மெலியும். ஆனால் 8 ஜிபியோடு வாங்கினால் படிப்பு முடியும்வரை 8 ஜிபிதான். அதிலிருந்தும் திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் இந்தச் சிறிய கருவிகளில் அதற்கென்று தனி நினைவகம் பெரும்பாலும் கிடையாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்கிறது மைக்ரோசாஃப்ட். அது கணினி ஓடத் தொடங்குவதற்கான அளவு. வீடியோ வகுப்பு ஒரு பக்கம், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், நடுவில் ப்ராஜெக்ட் அறிக்கை என்று வேலை செய்யும் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு?

"அண்ணே, ராம் மட்டும் ஏத்திக் கொடுங்க" என்று இரண்டாம் ஆண்டில் வந்து நிற்பார்கள். இதில் ஏற்ற முடியாது தம்பி என்று சொல்லி அனுப்புவது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாக இருக்கிறது. வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிக் கொடுத்த கருவி அது. பற்றவைத்த ராம் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். காலி ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியில் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கையில் உள்ள பணத்துக்கு ஒன்று வேகமான பிராசசர் அல்லது கூடுதல் ராம் என்றால், தயங்காமல் ராமை எடுங்கள்.

சேமிப்பகத்துக்கும் இதே கதைதான். மிக மலிவான சின்ன லேப்டாப்களில் இருக்கும் 64 ஜிபி இஎம்எம்சி, பலகையோடு பற்றவைத்த சில்லு. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் திணறிவிடும். கழற்றி மாட்டக்கூடிய எம்.2 எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் என்றால் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டு போனாலும் அதைக் கழற்றி உள்ளே இருக்கும் கோப்புகளை எடுத்துக் கொடுத்துவிடுவேன். கோப்புகளை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீடு மாணவரிடம் இருக்க வேண்டும். தேர்வு நேரத்தில் இதன் அருமை தெரியும்.

பேட்டரிக்கு விளம்பரத்தில் போடும் மணி நேரத்தை நம்பாமல் அதன் கொள்ளளவைக் காட்டும் வாட்-ஹவர் எவ்வளவு என்று பாருங்கள். லித்தியம் அயன் பேட்டரி, பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தினமும் சார்ஜ் போடும் மாணவருக்கு அது பட்டம் வாங்கும் முன்பே வரும் செலவு. ஆகவே அது ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசை போட்டு ஒட்டியதா என்றும் கேளுங்கள். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆவது நல்லது. சார்ஜர் தொலைந்தால் தோழியுடையதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

பொறியியல், வடிவமைப்புப் படிப்பவர்கள் துறையில் எந்த மென்பொருள் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குவது முக்கியம். சாலிட்வொர்க்ஸ் என்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருள், மேக்புக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸில் ஓடாது. அழகான மேக்புக்கை வாங்கிய பிறகு இது தெரிந்து என்ன பயன்?

பிரான்சில் 2021 முதல், லேப்டாப்பைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, விற்கும் இடத்திலேயே காட்டச் சட்டம் வந்தது. அத்தகைய சட்டம் எல்லா இடத்திலும் வரும்வரை, தங்கள் நாளிதழ் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணைகளிலாவது ராம் ஸ்லாட், எஸ்எஸ்டி வகை, பேட்டரி வாட்-ஹவர் ஆகிய மூன்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தகவல் ஒன்றும் ரகசியம் அல்ல. பல நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் சர்வீஸ் மேனுவலை, அதாவது பழுதுபார்ப்புக் கையேட்டை, வைத்திருக்கின்றன. மாடல் எண்ணை மட்டும் கடைசி எழுத்துவரை முழுதாக அச்சிடுங்கள். ஒரே பெயரில் ஸ்லாட் உள்ளதும் வருகிறது, இல்லாததும் வருகிறது.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்