பேஸ்மென்டில் இருந்த ஜெனரேட்டர்

செம்பூர், மும்பை
ஜூலை 27

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. மழையில் நனைந்து கடைசிப் பத்தியின் மை கரைந்திருந்தது. மைனி சொன்னதாக நீ எழுதியிருந்த வரியை மட்டும் படிக்க முடியவில்லை. திட்டியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பேரனுக்குக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை! அந்த உலையே வேண்டாம் என்று இடிந்தகரைப் பந்தலில் உண்ணாவிரதம் உட்கார்ந்த தாத்தாவின் பேரனுக்கு. 2012-ல் நான் போனில், "அப்போ கரண்டே வேண்டாமா உங்களுக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதற்கு இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவன் நீ. இப்போது அனுப்பலாமா வேண்டாமா என்று என்னிடமே கேட்கிறாய்.

நேற்று ஜூலை 26. இந்த ஊரில் அந்தத் தேதியைச் சொன்னால் போதும், எந்த வருஷம் என்று யாரும் கேட்பதில்லை. 2005-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போது நான் மித்தி ஆற்றுப் பக்கம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். 500 கேவிஏ ஜெனரேட்டர் செட், கரண்டைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் பேனல், பேட்டரி எல்லாம் பேஸ்மென்டில். மெயின் சப்ளை போனதும் செட் தானாக ஸ்டார்ட் ஆனது. எனக்கு ஒரே பெருமை. கார் இறங்கும் சரிவு வழியாகத் தண்ணீர் வந்தது. முதலில் கணுக்கால், பிறகு முட்டு. எஞ்சினுக்குள் தண்ணீர் போவதற்கு முன்பே பேனல் செத்துவிட்டது. டாங்கு நிறைய டீசல், பழுதில்லாத எஞ்சின், ஆனால் கும்மிருட்டு. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செட்டை மேலே ஏற்றுங்கள் என்று முந்தின வருஷமே எழுதிக் கொடுத்திருந்தேன். பார்க்கிங் குறையும் என்று பதில் வந்தது.

ஆறு வருஷம் கழித்து, 2011 மார்ச் 11, ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலையம். டிவியில் கதிர்வீச்சைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைந்தது வேறு விஷயம். பூமி அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. வெளி மின்சாரம் போனதும் டீசல் செட்டுகளும் ஓடின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. செட்டுகளில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடத்துப் பேஸ்மென்டில்! பேனல்களும் அங்கேதான். மீட்டர்களைப் படிக்கவே கரண்ட் இல்லாமல், நிறுத்தி வைத்திருந்த கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள். அந்த ஆட்களின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் தெரியும்.

அணு உலையை நிறுத்தினால் போதாது, மக்கா. அதுதான் அதன் குணம். அடுப்பை அணைத்தாலும் கங்கு கனன்றுகொண்டிருக்கும் இல்லையா, அப்படி. கூடங்குளத்து உலை ஒன்று 1,000 மெகாவாட் மின்சாரம் கொடுக்க 3,000 மெகாவாட் சூட்டை உண்டாக்குகிறது. நிறுத்திய அந்த நொடியில் 6, 7 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம், அதாவது 15 மெகாவாட் சூடு. அதைத் தண்ணீர் விட்டுத் தணித்துக்கொண்டே இருக்கவேண்டும். பம்ப் நின்றால் எரிபொருள் உருகும். பயப்பட வேண்டிய இடம் அது. குண்டு மாதிரி வெடிக்கும் என்று மைனி பயப்படுகிறாளே, அது நடக்காது.

அதே ஃபுகுஷிமாவில் 6-ஆம் உலையின் ஒரு டீசல் செட் கொஞ்சம் உயரத்தில், காற்றால் குளிரும் வகையில் இருந்தது. அது ஒன்று ஓடியதால் 5-ம் 6-ம் தப்பின. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்த ஒனகாவா நிலையத்தை உயரமான இடத்தில் கட்டியிருந்தார்கள். வீடிழந்த ஊர்க்காரர்கள் அந்த நிலையத்துக்குள்ளேயே போய்த் தங்கினார்கள். சுனாமி ஒன்றுதான், முன்கூட்டி யோசித்தவனும் யோசிக்காதவனும் வேறு வேறு.

இதையெல்லாம் சொல்லியும் நான் அணுமின்சாரத்துக்கு எதிரி இல்லை. என் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுப்பாகிறது. இந்தப் பக்கத்துப் புகைபோக்கிகளோடு 40 வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், ஒரு நாளும் அதற்காகப் பந்தல் போட்டதில்லை. 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் நம் நாட்டுக் கரியில் வருஷம் முழுக்க ஓடினால் 40 லட்சம் டன்னாவது தின்னும். கூடங்குளத்து உலை ஒன்றுக்கு வருஷத்துக்கு 30 டன் எரிபொருள்கூட ஆகாது. முப்பந்தல் காற்றாலை இருக்கிறதே என்பாய். இப்போது ஆடிக் காற்றில் சுற்றும். காற்று ஓய்ந்த மாசத்தில் ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்வாய்?

இங்கே தாராப்பூரில் 1969-லிருந்து இரண்டு உலைகள், நாட்டிலேயே முதலில் மின்சாரம் தந்தவை. பிற்பாடு 3-ம் 4-ம் கட்டியபோது அக்கர்பட்டி, போஃப்ரான் என்று இரண்டு ஊர்களையே கிளப்பினார்கள். ஒருமுறை போய்சர் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்ற கிழவர், "என் வீடு இருந்த இடத்திலிருந்துதான் உங்க பம்பாய்க்கு லைட்டு" என்றார், மராத்தியில். என்னால் டீயை முழுங்க முடியவில்லை. அன்றைக்குத்தான் உன் இடிந்தகரை எனக்குப் புரிந்தது. நீங்கள் கேட்டது, ஏதாவது ஆனால் எங்களை எப்படி வெளியேற்றுவீர்கள் என்று. கேட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு 2018-ல் ஒப்புக்கொண்டது ஒருவரை. வெளியேற்றத்தின் அலைச்சலிலும் அதற்குப் பின் வந்த சீக்கிலும் செத்தவர்கள் 2,000-க்கு மேல், பாதிப்பேருக்கு மேல் கிழடு கட்டைகள். அப்போ உங்கள் கேள்வி சரியான கேள்விதானே? போனில் அப்படிப் பேசியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். தாமதம்தான்.

பேரனின் உடம்பைப் பற்றி: எங்கள் பில்டிங்கில் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் இருக்கிறார். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வார்களாம், வாங்கிய கதிர்வீச்சை அது கணக்கு வைக்கும். வரம்பு, சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட். உன் ஊர் மணவாளக்குறிச்சி என்றதும் சிரித்தார். அந்தக் கறுப்பு மணலில் கதிர்வீச்சு விடும் தோரியம் இருக்கிறதே! நீ டவுசர் போட்ட காலத்திலிருந்து அதில் புரண்டவன், எந்தப் பேட்ஜும் இல்லாமல். அதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஊர் ஜனங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தும் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மைனியிடம் இதைச் சொல்.

எரிந்து முடிந்த எரிபொருளைப் பற்றி மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. சுத்திகரித்து, மிச்சத்தைக் கண்ணாடியாக உருக்கி வைக்கலாம், நம் நாட்டிலேயே செய்கிறார்கள். ஆனால் எரிந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியம் பாதியாகவே 24,000 வருஷம். நான் எழுதிய ஒரு மனுவை ஒரு வருஷம் ஞாபகம் வைத்திருக்க ஆளில்லை.

பையனை அனுப்பு. கூடங்குளத்தில் கரண்டே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் சூடு தணியும் ஏற்பாடு இருக்கிறது, உலை உருகினால் ஏந்திக்கொள்ள அடியில் ஒரு பெரிய சட்டியும் இருக்கிறது. ஆனால் சேர்ந்த முதல் வாரமே டீசல் செட் ஓட்டிப் பார்க்கிறவரைத் தேடிப் போகச் சொல். எந்த மட்டத்தில் இருக்கிறது, பேனல் எங்கே, கடைசியாக லோடு ஏற்றி ஓட்டியது என்றைக்கு. கேட்டால் எரிச்சல்படுகிறார்களா, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்களா என்று எனக்கு எழுதட்டும்.

செப்டம்பரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட். நெத்திலிக் கருவாடு எடுத்து வை. போன தடவை தந்தது லிஃப்டில் நாறி, மூன்றாவது மாடி குஜராத்திக்காரம்மா இன்னும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

உன்,
செம்பூரான்