கேம்பிரிட்ஜ் போய்ட்டு வந்தேன்டா

டேய் முரளி,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்த மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு.

போன வாரம் கேம்பிரிட்ஜ் போனேன். லண்டன் கிங்ஸ் கிராஸ்ல ட்ரெய்ன் ஏறினா ஒரு மணி நேரத்துல போயிடலாம். ஜூன் கடைசி, ராத்திரி ஒம்போது மணிக்கும் நல்ல வெளிச்சம், கேம் ஆத்துல தட்டைப் படகு மேல நின்னு பசங்க நீளக் கழிய ஊனித் தள்ளிட்டுப் போறாங்க, ஊருக்கு நடுவுலயே புல்தரைல மாடு மேயுது. கிங்ஸ் காலேஜ் சேப்பல 1446ல ஆரம்பிச்சு 1515 வரைக்கும் கட்டியிருக்காங்க, அந்தக் கல் கூரைய கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டே நின்னேன்.

ஆனா நான் போனது ட்ரினிட்டி காலேஜுக்காகத்தான், உனக்கே தெரியும். நம்ம கணக்கு மேதை ராமானுஜன் 1914 ஏப்ரல்ல அங்க வந்து சேர்ந்தாரு, ஆகஸ்ட்ல முதல் உலகச் சண்டை ஆரம்பிச்சிடுச்சு. நெவில்ஸ் கோர்ட்னு ஒரு முற்றம், சுத்தி தூண் வச்ச தாழ்வாரம், காயம்பட்ட சிப்பாய்ங்கள அங்கதான் கட்டில் போட்டுப் படுக்க வச்சிருக்காங்க. நாம எப்பவும் குளிர்தான் அவர வாட்டுச்சுன்னு பேசுவோம், அங்க நின்னப்போ எனக்கு சண்டைதான் பெரிய காரணமாத் தோணுச்சுடா, சைவம், தானே சமைச்சு சாப்பிடறவரு, காய்கறி கிடைக்கல, கடல்ல நீர்மூழ்கிக் கப்பல் பயம் வேற, நெனச்சா ஊருக்குக் கெளம்பிட முடியாது, 1917ல படுத்துட்டாரு.

அந்த முற்றத்து ஓரத்துலயே, மாடில, ரென் லைப்ரரி. 1695ல கட்டி முடிச்சது. நியூட்டன் தன் பிரின்சிபியா புத்தகத்துல தானே கையால திருத்தி எழுதின காப்பி இங்கதான் இருக்கு. அதவிட எனக்குப் பெருசு, 1976ல ஜார்ஜ் ஆண்ட்ரூஸ்ங்கிற கணக்கு ஆராய்ச்சியாளர், வாட்சன்ங்கிற இன்னொரு கணக்குப் பேராசிரியரோட பழைய காகிதப் பெட்டிய இங்க பிரிச்சப்பதான் ராமானுஜன் கையெழுத்துல நூத்துக்கும் மேல பக்கம் கிடைச்சுது, அறுநூறுக்கும் மேல சூத்திரம்! எல்லாம் அவரு மெட்ராஸ் திரும்பி உடம்பு முடியாமக் கிடந்த கடைசி வருஷத்துல எழுதினது. அவரு போனப்புறம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி மூலமா, அவர கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச பேராசிரியர் ஹார்டிகிட்டப் போயி, அங்கேருந்து வாட்சன் கைக்குப் போச்சு. வாட்சன் செத்தப்போ அவர் ரூம்ல தரை முழுக்க காகிதமாக் கிடந்துச்சாம், கொஞ்ச நாள்ல எல்லாத்தையும் எரிக்கிறதா இருந்துச்சாம், அதுலேருந்து பொறுக்கி எடுத்தது இது. அந்தப் படிக்கட்டுல எறங்கும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சுடா, ராமானுஜன் சம்சாரம் ஜானகியம்மா 1994 வரைக்கும் உயிரோட இருந்தாங்களே, இது கிடைச்ச சேதி அவங்க காலத்துலயே வந்துச்சேன்னு ஒரு ஆறுதல்.

நீ மேக்ஸ் வாத்தியாரு, ராமானுஜனோட அந்தக் காகிதத்துல வர்ற மாக் தீட்டா ஃபங்ஷன் என்னன்னு எனக்குப் புரியற மாதிரி ரெண்டு பக்கம் எழுதி அனுப்பு. அவசரமில்ல, பரீட்சை பேப்பர்லாம் திருத்தி முடிச்சிட்டே எழுது.

அன்புடன்,
ரவி