கரி படிந்த வெள்ளிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், முகம் தெரியாமலே விசாரித்த எல்லோருக்கும்,

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் வெள்ளி முலாம் பட்டறையில் நெருப்பு பிடித்தது உங்களுக்குத் தெரியும். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று நான் திரும்ப எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் மறுநாள் காலையே பட்டறை வாசலில் வந்து நின்றீர்கள். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது. யாருக்கும் காயம் இல்லை. அப்பா நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார், பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித் தினமும் அடம் பிடிக்கிறார். போன் மேல் போன் போட்டு அவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

தீயணைப்பு வீரர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. உள்ளே போவதற்கு முன் அவர்கள் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி, சயனைடு எங்கே இருக்கிறது என்பதுதான். எங்களைப் போல் வெள்ளி முலாம் போடும் இடங்களில் பெரும்பாலும் அது இல்லாமல் வேலை நடக்காது. அமிலத்தோடு சேர்ந்தால் ஆளைக் கொல்லும் வாயுவாகிவிடும். தனி அறையில் பூட்டி வைத்திருந்த அதன் பக்கம் நெருப்பு போகாமல் தடுத்தார்கள். உரிம விஷயமும் கழிவு அகற்றும் விஷயமும் புரியாமல் நாங்கள் திணறியபோது ஒவ்வொரு படியாகப் பொறுமையோடு விளக்கிய அதிகாரிகள், பம்பு கொண்டுவந்து தண்ணீரை இறைத்த பக்கத்து ஹார்ட்வேர் கடை முதலாளி தவுக்கே, தேக்கா சந்தைப் பக்கமிருந்து வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய அக்கா, புதுக்கோட்டையிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வந்து எங்களிடம் வேலை பார்க்கும் தம்பிகள், "எங்க விளக்கு இருந்தா என்ன, போனா என்ன, நீங்க நல்லா இருந்தா போதும்" என்று சொன்ன அத்தனை வீட்டாரும்: எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல வேண்டியது. வருவோம்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே ஒருவருக்காக. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நாங்கள் கூப்பிடுகிற மாதிரி பாக்சிக் என்றே எழுதுகிறேன்; மலாயில் மாமா, பெரியவர் என்று அர்த்தம்.

அவர் செய்தது ஏன் எங்களுக்கு இவ்வளவு பெரிதாகப் பட்டது என்று புரிய வேண்டுமானால் பட்டறையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா கும்பகோணத்துப் பத்தர், பொன் வெள்ளி வேலை செய்பவர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கப்பலேறி வந்தவர். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பால்குடம் என்று சுத்தியலால் தட்டியே வளர்த்த தொழில் இது. முலாம் வேலை பிறகுதான் வந்தது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மேசைக் கரண்டிகளைப் புதுப்பிக்கச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பின்னால் ஈ.பி.என்.எஸ். என்று முத்திரை குத்தியிருக்கும், மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதற்கான குறி. உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்; வெள்ளி மேலே மட்டும்தான். பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் 1840இல் காப்புரிமை வாங்கிய முறை அது. வெள்ளியைச் சயனைடு கரைசலில் கரைத்தால்தான் ஒழுங்காகப் படியும் என்று கண்டுபிடித்து அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஜான் ரைட் என்ற ஒரு மருத்துவர். இதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 கிராம் வெள்ளி இறங்கும் என்பது தெரியும். அதை வைத்துத் தமிழ் எண்களில் கணக்குப் போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தார். அந்த நோட்டு இப்போது இல்லை. கணக்கு மட்டும் அப்பாவுக்கு மனப்பாடம்.

எழுபதுகளில் ஆர்ச்சர்ட் சாலையில் ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபோது அப்பா பொறுப்பேற்றார். மூட்டை மூட்டையாகக் கரண்டியும் முள்கரண்டியும் வந்தன. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பேசின் என்ற நீர்ப்பரப்பையும் சுத்தமாக்க வேண்டும் என்று சொன்னார். கரையோரம் இருந்த சின்னப் பட்டறைகள் எல்லாம் இடம் மாறின. எங்களுடையதும் அடுக்குமாடித் தொழிற்கூடத்துக்கு வந்தது. முலாம் கழிவைக் காரமாக்கி, குளோரின் சேர்த்து, சயனைடை உடைத்த பிறகுதான் ஒரு சொட்டு வெளியே போகலாம் என்பதை அப்பா அங்கேதான் கற்றுக்கொண்டார். அந்தக் கெடுபிடி தொழிலுக்கு நல்லதே செய்தது என்று இன்றைக்கும் சொல்வார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

அந்த நாள்களில் ஒரு ஹோட்டலின் வெள்ளிப் பாத்திர அறையில் வேலை பார்த்தவர்தான் பாக்சிக். கரண்டி மூட்டையோடு வேனில் வருவார். முலாம் போட்டுக் கொடுத்ததைச் சும்மா வாங்கிக்கொண்டு போகமாட்டார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் குழியின் பின்பக்கத்தைப் பார்ப்பார். மேசையில் உட்கார்கிற இடம் அதுதான், முதலில் தேய்வதும் அதுதான். அங்கே முலாம் மெல்லிசாக இருந்தால் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பார். அப்பா பேசாமல் திரும்ப வாங்கித் தொட்டியில் போடுவார். அவர் ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. எங்களோடு தொடர்பும் இல்லை. செய்தி எப்படித் தெரிந்ததோ, கையில் ஒரு பிளாஸ்டிக் பேசின், இரண்டு பிளாஸ்க் வெந்நீர், சமையல் சோடா, ஒரு சுருள் அலுமினியத் தாளோடு வந்து நின்றார்.

அன்றைக்கு எங்கள் நிலைமை இது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்ததால் பட்டறையில் எங்கள் பொருளைவிட அடுத்தவர் பொருள்தான் நிறைய. பால்குடங்கள், வேல்கள், கல்யாண வீட்டுக் குத்துவிளக்குகள், ஒரு கோயில் கவசம். நெருப்பு அவற்றை எட்டவில்லை, புகை எட்டிவிட்டது. ரப்பர் எரிந்த புகையில் கந்தகம் உண்டு. வெள்ளிக்கு அதைப்போல் பகை வேறில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. கட்டியிருந்த சீட்டுகள் தண்ணீரில் ஊறி மை கரைந்துவிட்டது. எது யாருடையது என்று சொல்லப் பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயர்தான் மிச்சம், அதுவும் கறுப்புக்கு அடியில். மின்சாரம் கிடையாது, மோட்டார் ஓடாது, தொட்டிகள் காலி. வெளியே எங்காவது கொடுத்து மொத்தமாக மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடித்துவிடுங்கள், சீக்கிரம் முடியும் என்று நல்லெண்ணத்தோடு பலர் சொன்னார்கள். சக்கரம் கறுப்போடு வெள்ளியையும் சேர்த்துத் தின்றுவிடும். புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய பழைய பெயர்களில் பாதி அதோடு போயிருக்கும்.

பாக்சிக் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் சோப்புத் தண்ணீரில் கரியை அலசினார். பேசினில் அலுமினியத் தாளை விரித்து, சோடாவைத் தூவி, வெந்நீரை ஊற்றி, ஒரு சொம்பைத் தாளில் படுகிற மாதிரி படுக்க வைத்தார். அழுகின முட்டை நாற்றம் லேசாக எழுந்தது. கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிந்தது. தாள் கறுத்தது, சொம்பு வெளுத்தது. தேய்க்கவே இல்லை, வெள்ளி துளியும் போகவில்லை. இந்த வித்தை எங்களுக்குத் தெரியாததல்ல. அலுமினியமும் வெள்ளியும் அந்த நீரும் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி. சுவரிலிருந்து மின்சாரம் தேவையில்லை. மூன்று தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்கிற எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. மனம் அப்படி மரத்துப்போயிருந்தது.

சொம்பை எடுத்துத் துணியில் ஒற்றி என்னிடம் நீட்டினார். கழுத்துக்குக் கீழே "கு.வே. 1964" என்று தெரிந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிக் காட்டி, "பேர் இருக்கா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். இருக்கிறது என்றேன். அத்தனை நாள் அழாதவள் அப்போதுதான் அழுதேன். "பெலான்-பெலான் லா", மெதுவாக, மெதுவாக என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கவசத்தின் முறை வந்தபோது மட்டும் கையை இழுத்துக்கொண்டார். கோயில் பொருள் என்று பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பாவிடம் திரும்பி, "அண்ணே, நான் தொடலாமா?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. எழுந்து போய்க் கவசத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். பாக்சிக் அதைப் பேசினில் போடவில்லை. பூவேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்டு வைத்த கறுப்பு அதில் உண்டு. வெந்நீரில் போட்டால் அதுவும் போய் வேலைப்பாடே எடுபடாது. பஞ்சை நனைத்து மேட்டுப் பகுதியை மட்டும் துடைத்தார். மிச்சத்தை அப்பா துடைத்தார். இரண்டு கிழவர்களும் மலாயிலும் தமிழிலுமாகப் பேசிக்கொண்டே செய்தார்கள். 1942இல் ஜப்பானியர் வருவதற்குள் ராஃபிள்ஸ் ஹோட்டல் ஊழியர்கள் வெள்ளிப் பாத்திரங்களைப் பாம் கோர்ட் முற்றத்தில் புதைத்து வைத்ததாகச் சொல்லப்படும் கதையைப் பாக்சிக் சொன்னார். ஹோட்டல் வெள்ளி அறையில் வேலைக்குச் சேரும் எவனும் முதல் வாரத்திலேயே கேட்கிற கதையாம். நெருப்புக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். தம்பிகளை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். கல் பதித்தது, அரக்கு வைத்தது தனி. ஒட்டு வேலை உள்ளது தனி. இவை எதுவும் வெந்நீருக்குப் போகக் கூடாது. மின்சாரம் திரும்பி வருவதற்குள் பெரும்பாலான பாத்திரங்களில் பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்ததால் சொந்தக்காரர் தெரிந்தார்கள். இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் டேங்க் ரோடு முருகன் கோயிலிலிருந்து கியோங் சைக் சாலை விநாயகர் கோயிலுக்குப் போனபோது, எங்களிடம் இருந்த பால்குடங்கள் எல்லாம் அவரவர் வீட்டுப் பூஜையறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. கூலி என்று எதையும் அவர் தொடவில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் மட்டும், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் மேலே ஏற்றுகிற வெள்ளி தலைமுடியை விட மெல்லியது. "உள்ளே வெள்ளிதானே?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. இல்லை என்றுதான் தாத்தா காலத்திலிருந்து உண்மையைச் சொல்லி வருகிறோம். ஆனாலும் அந்தப் பாத்திரத்தை நம்பி எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மாவின் சீர், அப்பாயியின் விளக்கு, கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பு. இவ்வளவு காலம் நாங்கள் நடத்தியது முலாம் பட்டறை என்று நினைத்திருந்தேன். இந்த மாதத்தில்தான் அடுத்தவர் வீட்டுப் பெயர்கள் எத்தனை எங்கள் காவலில் இருந்திருக்கின்றன என்று உறைத்தது.

அதனால் அண்ணனும் நானும் முடிவு செய்திருக்கிறோம். இனி எந்தப் பொருள் வந்தாலும், தொட்டிக்குப் போகும் முன் அதில் வெட்டியிருக்கும் பெயரைப் படம் எடுத்து, பட்டறைக்கு வெளியேயும் ஒரு பிரதி வைப்போம். பெயர் உள்ள இடத்தில் பஃபிங் சக்கரம் படாது; கையால்தான் செய்வோம், நேரம் ஆனாலும் சரி. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முன்னால் பால்குடங்களைப் பாக்சிக் காட்டிய முறையில் காசு வாங்காமல் கழுவிக் கொடுப்போம். யார் வீட்டுக் குடமானாலும் கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உரியவர் தெரியாத சில பொருள்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. "மீ.சா." என்று வெட்டிய ஒரு பன்னீர்ச் செம்பு, "தங்கைக்கு" என்று மட்டும் வெட்டிய, மூடியில் மயில் உள்ள ஒரு குங்குமச் சிமிழ், பெயரே இல்லாத ஒரு ஜோடி குத்துவிளக்கு, ஒன்றின் அடித்தட்டில் பழைய ஈயப்பற்று ஒட்டு இருக்கிறது. உங்களுடையது என்றால் ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரில் வந்து அடையாளம் சொல்லுங்கள். பட்டறை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்றாலும் காலையில் யாராவது ஒருவர் இருப்போம்.