பழைய ஸ்நோ புளோவர் ஒன்றைக் கழற்றிப் பூட்டிய கதை

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். அக்காவின் முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. மூத்தவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்றப்படி பனி, குளிர், வேலை.

உனக்கென்று ஒரு விஷயம் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த தெருவில் வீட்டை விற்றுவிட்டுப் போன ஒரு வயதானவர், கராஜில் கிடந்த ஸ்நோ புளோவரை, அதுதான் வாசல் பனியை அள்ளி எறிகிற மெசினை, குப்பைக்குத் தள்ளப் பார்த்தார். கேட்டேன், சந்தோஷமாகத் தந்துவிட்டார். ஏரியன்ஸ் கம்பனி எழுபதுகளில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் செய்த மெசின். எஞ்சின் டெகும்சே. அந்தக் கம்பனி 2008 ஓடு எஞ்சின் செய்வதை விட்டுவிட்டது. அதனால் பார்க்கிற எல்லாரும் "இதற்கு இனிச் சாமான் இல்லை, புதிதாக வாங்கு" என்கிறார்கள். அது சரியில்லை. கேஸ்கட், காபரேட்டர் ஊசி, பெல்ற் எல்லாம் வேறு கம்பனிகள் இன்னும் செய்கின்றன.

நீ இந்த மெசினைக் கண்டிருக்க மாட்டாய். முன்வாயில் சுருளான இரும்புப் பற்கள் சுழன்று பனியை நடுவுக்கு இழுக்கும். பின்னால் இருக்கும் விசிறி அதை வாங்கி, மேலே நிற்கும் குழாயால் தூர எறியும். இந்த யோசனையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் இந்தப் பக்கத்து ஆள்தான். ஆர்தர் சிகார்ட் என்ற கியூபெக்காரர் 1925 இல் லொறியில் பூட்டிய முதல் மெசினைச் செய்தார். 1927 இல் ஊட்றமோன் நகரசபை வாங்கியது. நாங்கள் வந்த புதிதில் குடியிருந்த பார்க் எக்ஸ்ரென்சனுக்குப் பக்கத்து ஊர்தான் அது. மொன்றியலில் வருடத்துக்கு இரண்டு மீற்றருக்கு மேல் பனி கொட்டுகிறது. அதைவிடப் பொல்லாதது, நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது எங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போகிற வரம்பு. உப்பும் தண்ணீரும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். எங்கள் வயதில் அதைச் சவளால் வெட்டி அள்ளினால் நெஞ்சுக்குக் கூடாது.

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேட்டரைக் கழற்றியபோது வந்த மணம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்காக நின்ற பெற்றோல், பழைய வார்னிஷ் மணம். அதற்குள் பெற்றோல் நிற்கிற கோப்பையின் அடியில் மண்ணிறப் பிசின். இந்த எஞ்சினில் கோப்பையைப் பிடித்திருக்கிற போல்ட்டுத்தான் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டும். நடுவால் ஒரு துளை போகிறது. மரைக்குப் பக்கத்தில் குறுக்காக இன்னொன்று, தலைமயிர் நுழையுமளவுதான். பலர் பெரிய துளையைக் குத்திவிட்டுச் சின்னதைக் காணாமல் பூட்டிவிடுவார்கள். பிறகு ஸ்லோவில் நிற்காது, மூச்சு வாங்கி வாங்கித்தான் ஓடும். வயரிலிருந்து செப்பு நூல் ஒன்றை உருவி மெதுவாகக் குத்தினேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோது மறுபக்கத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. மச்சான், அந்த நேரம் நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் நினைத்தேன். 1990 இல் ஊருக்குப் பெற்றோல் வரத் தடை வந்தபிறகு, சின்னப் போத்தலில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டவன் நீ. எனக்குத் தெரிந்த வேலை உன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்ததுதான்.

பிளைவீலுக்கு அடியில், பிளக்குக்கு நெருப்பு வரவைக்கிற பொயின்ற்ஸ் கறுத்துப் போயிருந்தது. துடைத்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்ததும் பிளக்கில் நல்ல நீல நெருப்பு. ஒரு புதுமை: இந்த எஞ்சினுக்கு எயர் பில்ற்றரே கிடையாது. பனிக்காலத்தில் தூசி இல்லை. பில்ற்றர் இருந்தால் பனித்தூள் அடைத்து உறைந்துவிடும். அதற்குப் பதிலாக எஞ்சினின் சூட்டைக் காபரேட்டர் பக்கம் திருப்புகிற தகட்டு மூடி இருக்கிறது. வேகம் மாற்றுவதற்கும் பல்லுச் சில்லு ஒன்றும் இல்லை. சுழல்கிற இரும்புத் தட்டில் ஒரு றப்பர் வளையம் அழுத்திக்கொண்டு நிற்கும். நடுவுக்குக் கிட்ட வந்தால் மெதுவாகப் போகும், விளிம்புக்குப் போனால் வேகம், நடுவைத் தாண்டினால் பின்னோக்கி! எவ்வளவு எளிமையான வேலை, பார்த்தாயா?

அதிகம் மினக்கெடுத்தியது முன்பற்கள்தான். அவை அச்சோடு ஷியர் பின் என்ற, லேசில் முறியக்கூடிய மென்மையான இரும்பு ஆணியால் மட்டும் பிடிபட்டிருக்க வேண்டும். கல்லோ, பனிக்குள் புதைந்த பத்திரிகைச் சுருளோ அகப்பட்டால் அந்த ஆணி முறியும், கியர்பெட்டி தப்பும். ஆனால் கிறீஸ் காணாத பற்கள் அச்சோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டால் ஆணி இருந்தும் பயனில்லை. முறிவது உள்ளே இருக்கும் வெண்கலச் சக்கரம்தான். ஆணிகளைக் கழற்றி, எண்ணெய் விட்டு ஊறவைத்து, காஸ் சுவாலையில் சூடாக்கி, தட்டித் தட்டிப் பார்த்தேன். நாட்கணக்கில் அசையவே இல்லை. கடைசியில் ஒருநாள் பின்னேரம் "கிரீச்" என்றது. கையால் சுற்ற, பற்கள் தனியாகச் சுழன்றன! நிப்பிளால் கிறீஸ் ஏற்றினேன்; பழைய கறுப்புக் கிறீஸ் போய்ப் புதியது வெளியே வரும்வரை ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

பிறகு பெல்ற் மாற்றினேன், ஒயில் மாற்றினேன், செம்மஞ்சள் பெயின்ற் கொஞ்சம் அடித்தேன். வெளியே கொண்டுபோய்க் கயிற்றை இழுத்தேன், பிடித்துக்கொண்டது. போன கிழமைப் பனியில் எங்கள் வாசலையும் இரண்டு பக்கத்து வீட்டு வாசல்களையும் அதுதான் வழித்தது. குழாய் அடைத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தடியால்தான் குத்துவேன், கை வைக்கமாட்டேன். உன் மனிசியிடமும் சொல்லிவை, பயப்படத் தேவையில்லை.

இதையெல்லாம் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. இன்னொருவன் திறந்து பார்ப்பான் என்று நினைத்துச் செய்த சாமான்கள் இவை. ஒவ்வொரு ஆணியும் சாதாரண ஸ்பானருக்குக் கழலும். உன் தோட்டத்துப் பழைய மண்ணெண்ணெய்ப் பம்பை இரும்புக்குக் கொடுக்கச் சொல்லி மகன் நிற்கிறான் என்று எழுதியிருந்தாயே, கொடுக்காதே. சித்திரைக்கு நான் வருகிறேன், சேர்ந்து கழற்றுவோம். பம்பில் இருக்கிற மொடல் நம்பரையும், காபரேட்டர் உடம்பில் பொறித்திருக்கிற எழுத்துகளையும் படம் எடுத்து அனுப்பு. இங்கே காபரேட்டர் திருத்துகிற சாமான் கிட் கிடைத்தால் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவேன்.

அன்புடன்,
உன் மச்சான்
லவால், கியூபெக்