மறைக்க வேண்டாம் கண்ணு

ஏற்காடு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. ஆத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களிடம் உன் வலிப்பு ஆபரேஷனைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அத்தை உனக்கும் போன் செய்திருப்பாள். "தழும்பு முடிக்குள்ள இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது" என்கிறாள். பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனாலும் நீ முதல் பேச்சிலேயே சொல்லிவிடு. உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு வந்துவிட்டது. ஹெர்ப்பிஸ் வைரஸ் என்றார்கள். உதட்டில் கொப்புளம் போடுகிற அதே கிருமிதான். அபூர்வமாக மூளைக்குள் புகுந்தால் பெரும்பாலும் காதுக்கு உள்பக்கமுள்ள டெம்போரல் பகுதியைத் தாக்குமாம். அந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் ஊசியால் பிழைத்தாய். ஆனால் உள்ளே வடு நின்றுவிட்டது. பின்னால் வந்த வலிப்பெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

கை கால் இழுத்து விழுவது உனக்குக் குறைவு. "வயித்துலேருந்து என்னமோ மேல ஏறுதுப்பா" என்று ஓடிவந்து என் வேட்டியைப் பிடிப்பாய். அப்புறம் பார்வை நிலைகுத்திவிடும். சப்புக்கொட்டுவாய், பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்பாய். கூப்பிட்டால் காதில் விழாது.

பொருத்தமான இரண்டு மருந்து, சரியான அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பு மூன்றாவதில் நிற்பது அரிது, அது கிளம்புகிற இடத்தை எடுக்கும் ஆபரேஷனுக்கு ஏற்றதா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மூளையில் கத்தி வைப்பதா என்று தாத்தா பதறினார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷன் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வலிப்புக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார் என்று கேட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கினார்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் ஒயர் ஒட்டி, கேமரா முன்னால் படுக்கவைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருந்தார்கள். வரவே கூடாதென்று கும்பிட்ட நாங்கள் அங்கே வரட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிய இடமும் ஒயர் வழியாக மூளையின் மின்னோட்டத்தைப் பதிந்த இ.இ.ஜி. காட்டிய இடமும் வலப்பக்கம் ஒன்றாகவே இருந்தன. மூளைக்காய்ச்சல் வந்த பல பிள்ளைகளுக்கு வடு பல இடத்தில் சிதறிக் கிடக்கும். அவர்களுக்கு இந்த வழி அவ்வளவு எளிதில்லை. பேச்சு, ஞாபகம் எல்லாம் சோதித்த பிறகே உனக்குத் தேதி கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை படித்தவர், கேள்வி கேட்பார். கேட்கட்டும். டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகளை வைத்து நடத்தி 2017-ல் வெளியான ஆய்வைச் சொல்லு. ஓராண்டு முடிவில் ஆபரேஷன் ஆனவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம்தான். உனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு வரவேயில்லை, மாத்திரையையும் டாக்டர் சொன்னபடி படிப்படியாக நிறுத்தியாயிற்று என்பதையும் சொல்லு. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு என்ற சொல்லை 1999-லேயே எடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டு எழுந்து போகிற குடும்பம் நமக்கு வேண்டாம். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுப் புரியாததைக் குறித்து வை, ராத்திரி போனில் பேசலாம்.

அப்பா